வேப்பெண்ணெயும் வெல்லப்பாலும்

வேடசந்தூர் நூல் மில்லில் செல்லக்கிளிக்கு எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. அறுந்த நூலை முடிந்துகொண்டே நடக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலில் உயிர் இருக்காது. வீட்டுக்கு வந்தால் வாசலில் சீனி வாந்தி எடுத்து வைத்திருக்கும். முதலில் அதைக் கழுவ வேண்டும்.

சீனி அவள் வளர்க்கும் நாட்டு நாய். மூன்று மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து முதுகில் முடி கொட்டி, தோல் சிவந்துபோய்க் கிடந்தது. செல்லக்கிளி ஒரு நாள் விடாமல் வேப்பெண்ணெய் தடவினாள். வாந்திக்கு வேறு வைத்தியம். தொண்டையில் பஞ்சுத் தூசி அடைத்தால் மில்லில் வெல்லம் தின்பார்கள், இறங்கிவிடும் என்று. தன் சேலையில் ஒட்டி வரும் பஞ்சைத்தான் நாய் நக்கி விழுங்குகிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, தினமும் பாலில் வெல்லம் கரைத்து ஊற்றினாள். பஞ்சு நாயின் வயிற்றில் இருந்ததோ இல்லையோ, அவள் மனதில் நன்றாக அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் பொன்ராஜ் காய்கறி லாரி ஓட்டுகிறவன். வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. போன ஞாயிறு வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். அப்பயும் இப்புடியே கெடந்துச்சுன்னா, லாரியில ஏத்திட்டுப் போயி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல விட்ருவேன்."

சொன்னால் செய்கிற ஆள். செல்லக்கிளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே லீவு போட்டு, சீனியை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா நாயின் முதுகைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். செல்லக்கிளி எல்லாவற்றையும் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகக்கூட.

"மொதல்ல உண்ணி கடிச்சுத்தாம்மா அரிப்பு வந்திருக்கும். நீங்க தடவுன எண்ணெய அது நக்காம இருக்குமா? அதுல வாந்தி. வாந்திக்குப் பால் ஊத்துறீங்க, அது ஒத்துக்காம அரிப்புக் கூடுது. அரிப்புக்கு மறுபடி எண்ணெய்."

"அப்ப நான் சும்மா இருந்திருந்தா?"

"பாதி கொறஞ்சிருக்கும்."

செல்லக்கிளிக்கு அழுகை முட்டியது. அழக்கூடத் தெம்பில்லை. கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்த பக்குவம் அத்தனையும் அந்த வாயில்லா ஜீவனுக்குத் தொந்தரவாகப் போயிருக்கிறது.

உண்ணிக்கு மருந்தும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். பால் கிடையாது, எண்ணெய் கிடையாது. சீனி சொறியும்போதெல்லாம் கை தன்னால் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போனது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மில் வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை வாந்தி நின்றது. வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது சீனி அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் பக்கத்திலேயே சேலை கூட மாற்றாமல் சாய்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்ராஜ் வந்தான். வாசலைப் பார்த்தான். சீனியின் முதுகைத் தடவிப் பார்த்தான், சிவப்பு குறைந்திருந்தது. அலமாரியிலிருந்து வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தான்.

"தேறிருச்சே. இன்னுங் கொஞ்சம் தடவி விட்டா முடியும் வெரசா மொளச்சிரும்."

காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அந்த மூடியத் தொறந்தீங்க, ஒட்டன்சத்திரத்துல ஒங்களத்தான் எறக்கி விடுவேன்."