அண்ணன் படிப்புக்குப் பூக்கட்டிப் பார்த்த நாள்

தகரக் கூரையில் மழை அடித்தால் எங்கள் தாராவி வீட்டில் கத்தித்தான் பேச வேண்டும். வாயே திறக்காத எனக்கு அதனாலேயே மழைக்காலம் பிடிக்கும்... யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதினைந்து வயது இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு முறுக்கு சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். படிப்பு ஏறியது அண்ணனுக்குத்தான். அந்த ஜூனில் அவனுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று இன்ஜினீயரிங். இன்னொன்று, கணக்கோடு கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் புதுப் பட்டப்படிப்பு.

கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. ஒரு ரூம் பெரிசு இருக்கும், ஏர்கண்டிஷன் போட்டு வைப்பார்கள் என்று அண்ணன் சொன்னான். மனுசனுக்கே ஃபேன் இல்லை, மிஷினுக்கு ஏர்கண்டிஷனா என்று அம்மா கேட்டாள்.

அப்பா மில்லில் ஃபிட்டர். இன்ஜினீயர் சாப் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பதைத் தினமும் பார்ப்பவர்.

"மில்லு ஓடுத வரைக்கும் இன்ஜினீயருக்குச் சோறு உண்டுல. நேத்து வந்த மிஷின நம்பி எப்படிப் போவ?"

அவர் பயம் நியாயம்தான். வீட்டில் அவர் சம்பளத்தை நம்பித்தான் எல்லாம். அண்ணன் தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டால் இன்னொரு தடவை படிக்க வைக்க முடியாது. அண்ணன் எதிர்த்தும் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கடைசியில் அம்மா சொல்லி, மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில்... வெளியே ஒரே மாதிரி தெரியும்படி பூசாரி கட்டி, அம்மன் காலடியில் போட்டார். கன்னிப்பெண் எடுக்கட்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. வருகிற வழியில் அப்பா ஜிலேபி வாங்கினார். இருவரும் ஒரே குடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தார்கள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு ஜிலேபியை நீட்டி, "எம்மவன் இன்ஜினீயராவப் போறான்" என்றார் அப்பா.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். "எப்பா... வெள்ளை கம்ப்யூட்டருக்குல்லா?"

எந்தப் பூ எதற்கு என்று மனசுக்குள்தான் நினைக்க வேண்டும், வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பழக்கம். அன்றைக்கு ஆளுக்கு ஒன்றாக நினைத்திருக்கிறார்கள்!

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எடுத்தவ நீதான. நீ என்னத்த நெனச்சு எடுத்த?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எப்படித்தான் சொன்னேனோ...

"நான் ஒண்ணும் நெனைக்கலப்பா. ஆனா கம்ப்யூட்டரப் பத்திப் பேசுனா மட்டுந்தான் அண்ணன் சோத்த மறந்து பேசுதான்."

அப்பா ஒரு ஜிலேபியை எடுத்து அண்ணன் வாயில் திணித்தார்.

"போல, போய் அந்தக் குளிர் ரூம்லயே உக்காரு. இவ இம்புட்டுப் பேசிட்டா... இதுக்கு மேல அம்மன் என்ன சொல்லணும்?"

அண்ணன் கம்ப்யூட்டர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றான். அப்பா அவ்வளவு நம்பிய மில்லைத்தான் பின்னால் மூடிவிட்டார்கள்.

போன மாதம் வாஷியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேத்திக்கு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மேல் ஆசை. அவள் அப்பாவும் அம்மாவும் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர்தான் பக்கா, மெக்கானிக்கலை நம்பி எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். இதைக் கேட்க அப்பா இருந்திருக்கலாம்... விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் கேட்கும் வரை நான் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேச ஆரம்பித்துவிட்டேன்.