மரத்தில் கட்டிய சிவப்புத் துவர்த்து

மகன் அனுப்பிய படத்தில் அவன் முகத்தைவிட அந்த ஆரஞ்சு மேல்சட்டைதான் முதலில் என் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் உடன் வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போகிறானாம்; மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படத்தான் அந்த நிறமாம். நான் பதறியதும் நிதானமாக விளக்கினான். நினைத்தவன் நினைத்த நாளில் அங்கே காட்டுக்குள் போக முடியாது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பருவத்தையும் சில வாரங்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை அனுமதிச் சீட்டு என்று குலுக்கலில் கொடுக்கிறார்கள். "கூட்டம் சேரக் கூடாதுன்னுதாம்மா இவ்வளவும். நம்ம ரோட்டுல நடக்கியதைவிட இது பத்திரம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய இதே ஏற்பாட்டை, சீட்டு இல்லாமல், என் பெரியப்பா எங்கள் மலையடிவாரத்தில் செய்து வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் மிளா தேடி மலையேறுவார்கள். மிளா என்பது குதிரை போல வளரும் பெரிய மான். அதைச் சுடுவது அன்றைக்கும் குற்றம்தான். அதனால் எல்லாமே ரகசியம். ஒரே புதரை இரண்டு கூட்டம் இரண்டு பக்கமிருந்து சுட்டு, ஒருவர் தோளில் ஈயம் பாய்ந்த பிறகு பெரியப்பா முறை வகுத்தார். ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரு கூட்டம். ஏறுகிறவர்கள் பாதை தொடங்கும் அயனி மரத்தில் ஒரு துவர்த்தைக் கட்டிவிட்டுப் போகவேண்டும். துண்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் கேலி செய்ததை அப்பா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

"மிளாவுக்குத் தெரியுமா அண்ணாச்சி, இண்ணைக்கு யாருக்க முறைன்னு?"

"மிளாவுக்குத் தெரியாண்டாம். நீ தெரிஞ்சாப் போரும்லே. துவர்த்து கெடந்தா உள்ள ஆளுண்டு, கேட்டியா?"

இறங்கும்போது பெரியப்பா மரத்தடியில் நின்று, "எல்லாவனும் எறங்கியாச்சா?" என்று கேட்பாராம். ஒவ்வொருவரும் வாயால் பதில் சொன்ன பிறகே முடிச்சில் கை வைப்பாராம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு டிசம்பரில், பெரியப்பாவின் கூட்டம் ஏறியிருந்த காலையில் தூறல் போட்டது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன அம்மா, நனைந்து தொங்கிய பெரியப்பாவின் சிவப்புத் துவர்த்தைப் பார்த்தாள். அந்த முறையைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் யாரும் மூச்சுவிட்டதில்லை. "அத்தானுக்க துவர்த்துல்லா இது? மறந்துட்டுப் போயிட்டாவ" என்று எடுத்துவந்து, சேறு போகத் துவைத்து, முற்றத்துக் கொடியில் போட்டாள்.

அடுத்த கூட்டம் மரத்தடிக்கு வந்தபோது மரத்தில் எதுவும் இல்லை. அவர்கள் முறையை மீறவில்லை. அதை நம்பித்தான் ஏறினார்கள். புதர் அசைந்தது. சுட்டார்கள்.

பெரியப்பாவின் உடலைக் கட்டிலில் சுமந்துவந்து முற்றத்தில் இறக்கினார்கள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. அவர் தலைக்கு மேலே துவர்த்து காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "இத ஆரு அவுத்தது?" என்று யாரோ கேட்டார்கள். "நான்தான். நனையுதேன்னு…" என்றாள் அம்மா. அந்த வாக்கியத்தை அவள் கடைசிவரை முடிக்கவில்லை. அதன்பின் கொடியில் கிடக்கும் எந்தத் துணியையும் அவள் தன் கையால் எடுத்ததில்லை. மழை வந்தால் எங்களைத்தான் கூப்பிடுவாள்.

மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "இங்க அப்படி நடக்காதும்மா. சீட்டுல என் பேரு இருக்கு" என்றான். புதருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அந்தப் பெயர் தெரியாதே என்று நினைத்தேன்.

வேட்டைக்குப் போன மறுநாள் ஒரு படம் வந்தது. யோசிக்காமல்தான் அனுப்பியிருப்பான். பால்கனிக் கம்பியில் துவைத்துப் போட்ட ஆரஞ்சு மேல்சட்டை, உள்ளே ஆள் இல்லாமல் காற்றில் உப்பியிருந்தது. உடனே அழைத்தேன். எடுத்தான்.

"ஒரே மழைம்மா, சேறு. மானும் கிடைக்கல்ல."

குரல் கேட்டும் எனக்குப் போதவில்லை. "எல்லாரும் எறங்கியாச்சா மக்கா?"

"எறங்கியாச்சும்மா."

"ஒவ்வொருத்தரும் வாயால சொன்னாங்களா?"

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கூடப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.