ஒரு சாண் நூல்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் உடுப்பிலாவது நூல் தொங்கினால் கை சும்மா இருக்காது. கல்யாண வீடோ துக்க வீடோ, பேச்சோடு பேச்சாக எட்டிப் பிடித்து உருவிவிடுவார். துணி சுருங்காமல் நூல் உருவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கடைக்குப் பின்னறைதான் வீடு. ஓய்வு பெற்று ஈ ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் பூனைக்குட்டி வந்ததும் மறுபடி ஓர் உத்தியோகம் கிடைத்தது. பொத்தான் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். குண்டூசிகள் மூடி போட்ட டப்பாவுக்குள் போயின. இஸ்திரிப் பெட்டியின் வயர் உயரச் சுருட்டிக் கட்டப்பட்டது. மெஷின் எண்ணெயை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கடை அடைத்ததும் காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்து ஊசி தேடுவார், பிறகு மூலை முடுக்கு விடாமல் பெருக்குவார்.

"கட்டின பொண்டாட்டிக்கு இந்தக் கவனிப்பு ஒரு நாளாவது உண்டா, கேளுங்க" என்று தைத்த துணி வாங்க வருகிறவர்களிடம் அந்த அம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, மெஷினுக்கு அடியிலிருந்து பொத்தான் வந்தது. வாயோரம் ஒரு சிவப்பு நூல் தொங்கியது. அந்த அம்மா யோசிக்கவேயில்லை. குட்டியை மடியில் போட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் வந்தது, பிறகு உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டது. அழுத்தி இழுத்தார். குட்டி வீலென்று கத்தியது. நூல் அறுந்து, ஒரு சாண் கையோடு வந்தது. இவ்வளவுதான் இருந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு குப்பைக்கூடையில் போட்டார். வீட்டுக்காரரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால், பெருக்கியதில் குறை கண்டதாக மனுஷன் முகம் சுண்டிப்போகும்.

மறுநாள் பொத்தான் வாந்தி எடுத்தது. தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இருவரும் பூனை டாக்டரிடம் ஓடினார்கள்.

"நூல், ரப்பர் பேண்டு ஏதாவது முழுங்கியிருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வாய்ப்பே இல்லைங்க. தினமும் நான்தான் பெருக்குறேன். ஒரு பிசிறு இருக்காது" என்றார் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டர் திரும்பினார். "நீங்க ஏதாவது பாத்தீங்களாம்மா?"

அந்த அம்மா சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார். "இல்லைங்களே" என்று வாய் சொல்லிவிட்டது.

வயிற்றுக் கோளாறுதான் என்று டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். வியாழக்கிழமை காலையில் குட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. மறுபடி ஓடினார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"உள்ள நீளமா நூலு. குடல் மடிப்பு மடிப்பா சுருங்கி, நாலு எடத்துல அறுத்துடுச்சு. நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே ஆபரேஷன் பண்ணியிருப்பேன்." அப்புறம் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார்: "இனிமே பூனை வளத்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. வாயில நூல் தொங்கினா இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிட்டு வந்துடணும்."

ஒரு நூலை இழுத்தால் எப்படிச் சுருக்கு விழும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ கவுன்களுக்கு இடுப்பில் அப்படித்தான் சுருக்கு வைத்திருக்கிறார்.

அதன்பின் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்கினார். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு அடியில் முட்டி போட்டு, தரையிடுக்கில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இங்கதான் விட்டிருக்கேன். விட்டதுமில்லாம டாக்டர்கிட்ட பெரிசா பீத்திக்கிட்டேன். நான்தான் கொன்னுட்டேன்" என்று அழுதார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மனுஷன் இப்படிக் குறுகிக் கிடப்பதை அந்த அம்மாவால் பார்க்க முடியவில்லை.

"நீங்க இல்லைங்க. வாயில நூல் தொங்கிச்சு. நான்தான் புடிச்சு இழுத்தேன். பாதியில அறுந்துடுச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

அவர் மெதுவாக எழுந்தார். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். கத்தியிருந்தால்கூட அந்த அம்மா தாங்கியிருப்பார்.

"டாக்டர் உன்னையும் கேட்டாரே" என்றார்.

"ஆமாங்க, கேட்டாரு" என்றார் அந்த அம்மா.