நாக்கு வைத்தவர்

டீ அறையில் இருந்த மேசை விசிறியைத் துடைக்கலாம் என்று சுவிட்சை அணைத்துவிட்டுக் கம்பிக் கூண்டில் கை வைத்தேன். "இரும்மா, இரு" என்று பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து விசிறிக்கு முன்னால் பிடித்து விட்டார். பஞ்சு நேராகக் கீழே விழுந்தது. குனிந்து பார்த்தார். அப்போதும் மனம் ஆறவில்லை. "நின்னுடுச்சா?" என்று விசிறியையே கேட்டார். அது நின்று ஒரு நிமிடம் ஆகியிருந்தது. இறக்கையில் ஒட்டியிருந்த தூசியை என்னால் எண்ணிச் சொல்லியிருக்க முடியும்.

எங்கள் நூற்பாலையில் அவருக்கு அதுதான் பெயர். நின்னுடுச்சா அண்ணன். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். பஸ் நின்றாலும் கேட்பார், மழை நின்றாலும் கேட்பார். ஒருமுறை மேனேஜர் முக்கால் மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு உட்கார்ந்ததும், பின்வரிசையிலிருந்து எவரோ "நின்னுடுச்சா?" என்றார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல், அது தன் குரல் இல்லை என்று மேனேஜரிடம் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

வேலை, கார்டிங் பகுதியில் மெஷின்களைப் பழுது பார்த்துப் பூட்டுகிற பிட்டர். பொதி பிரித்து உதறிய பஞ்சை இழை இழையாகச் சீவி, குப்பை நீக்கி, தளர்ந்த கயிறு மாதிரித் திரட்டிக் கொடுப்பது கார்டிங் மெஷின். அதன் வயிற்றுக்குள் நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கிறது. உடம்பு முழுக்க லட்சக்கணக்கில் கம்பிப் பற்கள். அதன் தலைமேல் சீப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பட்டைக்கும் உருளைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளிக்கு 'பத்து' என்று பெயர். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் பத்து. மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம்தான் வரும். எஃகுத் தகடுகளை உள்ளே நுழைத்து, அவை சிக்காமலும் தொளதொளக்காமலும் நகர்கிற பதத்தை விரலால் பார்த்துப் போல்ட்டை முடுக்குவார். அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுப்பவர்களுக்குப் பதில் கிடைக்காது.

நான் பக்கத்து டெஸ்டிங் அறைக்காரி. மெஷினிலிருந்து சல்லாத் துணி போல வரும் பஞ்சுப் படலத்தைக் கறுப்பு அட்டையில் விரித்து, அதில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று எண்ணுவது என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உங்க மூணாம் நம்பர் இன்னைக்கு முடிச்சா கொட்டுது அண்ணே, சீவுதா, இல்ல பின்னல் போடுதா?" என்பேன். கோபமே வராது. "பார்த்துடறேம்மா" என்று போவார். மதியத்துக்குள் முடிச்சு பாதியாகக் குறைந்திருக்கும்.

மெஷினை இருக்கிறபடி விட்டுவைக்கிற ஆளும் இல்லை. குப்பை இன்னும் கொஞ்சம் கழியட்டும் என்று உருளைக்கு அடியில் கூடுதலாக ஒரு கத்தி வைத்தார். பறக்கிற தூசியை இழுத்துக்கொள்ள பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒரு வாய் செய்து குழாயில் பொருத்தினார். கார்டிங் பெண்கள் இருமுவது அதற்குப் பிறகுதான் குறைந்தது. ஆனால் அவர் செய்ததிலேயே எல்லோரும் சொல்வது 'நாக்கு' ஒன்றைத்தான். பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய, விரல் நீளத் தோல் துண்டு. அதை மெஷின் சட்டத்தில் திருகிவிட்டு, உருளையின் அச்சு முனையில் ஒரு முளை அடித்திருப்பார். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் முளை வந்து தோலைத் தட்டும். டொக். அவ்வளவுதான் சமாசாரம். உருளை சுற்றுகிற வரைக்கும் நாக்கு பேசிக்கொண்டிருக்கும். பேச்சு நின்றால்தான் மெஷின் கதவைத் திறக்கலாம்.

சத்தத்தைக் குறைக்கத்தான் உலகத்தில் எல்லோரும் மெஷினைத் திருத்துவார்கள். இந்த மனிதர் சத்தம் வருவதற்காகத் திருத்தினார். "பணத்தைக் கொட்டி சத்தம் போகப் பண்ணினா, நீ டொக்கு டொக்குன்னு வச்சிருக்கியா?" என்று அப்போதிருந்த மேனேஜர் கழற்றச் சொன்னாராம். கழற்றினார்கள். மறுநாள் ஷிப்டுக்கு வந்த பெண்கள் ஒருத்திகூட மெஷினைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஆறு மெஷினுக்கும் நாக்கு திரும்பி வந்துவிட்டது.

ஏன் நின்றார்கள் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்கள் வாயால் கேட்டேன்.

முன்பெல்லாம் அந்த உருளைகளின் அச்சு பித்தளைப் புஷ் என்கிற வளையத்துக்குள் உரசிக்கொண்டு சுற்றியது. ஷிப்டுக்கு இரண்டு முறை எண்ணெய் விட வேண்டும். மெஷினை நிறுத்த பெல்ட்டைத் தள்ளியதும் மற்ற பாகமெல்லாம் நின்றுவிடும், உருளை மட்டும் தன் கனத்தில் மூன்று நிமிடம் சுற்றும். சுற்றி அடங்கும்போது வயசானவர் எழுந்திருப்பது போல முனகும். முனகல் ஓய்ந்தால் பெண்கள் கதவைத் திறந்து அடைத்த பஞ்சை எடுப்பார்கள். அப்படிச் செய்யச் சொல்லி எவரும் சொல்லித் தரவில்லை, சட்டமும் இல்லை. காது தானாகப் பழகியிருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் நாலாம் நம்பரில் புஷ்ஷைக் கழற்றிவிட்டு உள்ளே எஃகுக் குண்டுகள் உருளும் பால் பேரிங் போட்டார். எண்ணெய்ச் செலவு போயிற்று, கரண்ட் மிச்சமாயிற்று, படலமும் சுத்தமாக வந்தது. "இனிமே இது மூச்சு விடுறதுகூடக் கேக்காது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாராம். மேனேஜ்மெண்ட் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது.

நாலாம் நம்பரை ஓட்டியது அவருடைய தங்கச்சி. "எங்கண்ணன் மாத்தின மெஷினு" என்று பக்கத்து மெஷின்காரிகளிடம் அவள் பீற்றிக்கொண்டது ஒன்பது நாள். பத்தாம் நாள் பஞ்சு அடைத்தது. பெல்ட்டைத் தள்ளினாள். சத்தமில்லை. கதவைத் திறந்தாள். கம்பிப் பல் உருளை சுற்றினாலும் நின்றாலும் கண்ணுக்கு ஒரே சாம்பல் பளபளப்புதான். பேரிங்கில் அது எட்டு நிமிடம் சுற்றும் என்று அளந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அவள் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதன் பிறகு பேச்சுமூச்சில்லாமல் போயிற்று.

தங்கச்சி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இடது கையால் அவள் எழுதுகிற எழுத்து என் வலது கை எழுத்தைவிட அழகு. போனால் வாய் நிறையப் பேசுவாள். அண்ணி அதற்கும் மேலே. "மிக்ஸியை நிறுத்தினா மூடியைத் திறக்க விடமாட்டேங்கறாரும்மா. காதை வச்சுக் கேட்டுட்டு உத்தரவு குடுக்கறாரு. இவரோட குடித்தனம் பண்றதுக்கு அந்த மிக்ஸியோடவே பண்ணலாம்" என்று அண்ணி சொல்லும்போது தங்கச்சியும் சேர்ந்து சிரிப்பாள். எல்லாமும் பேசுவார்கள் அந்த வீட்டில். அதை மட்டும் பேசமாட்டார்கள்.

அதுதான் அண்ணனை அரிக்கிறது. ஒருநாள் முடிச்சு எண்ணிக்கை கேட்க வந்தவர், அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாப்பா என்னை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டா தேவலைம்மா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் 'சாப்பிட்டியா அண்ணே'ன்னு கேட்டா. இன்னைக்கு வரைக்கும் அதையேதான் கேக்கறா." அந்தப் பரிசுக் கடிகாரத்தை அவர் குப்பையில் போட்டாராம். எடுத்து வந்து கூடத்தில் மாட்டியவள் தங்கச்சி. பேட்டரி தீர்ந்தால் மாற்றுபவளும் அவள்தான். மன்னித்துவிட்டதால் மாட்டினாளா, மறக்கக் கூடாது என்று மாட்டினாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. மனிதர் தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

போன மாதம் புது மெஷின்கள் வந்தன. உருளை முழுசாக நிற்கிற வரைக்கும் கதவே திறக்காது, உள்ளுக்குள் பூட்டு. "இனிமே உங்க நாக்குக்கு வேலை இல்லண்ணே" என்றார் இன்ஜினியர். அண்ணனுக்கு வருத்தம் வரும் என்று நான் நினைத்தேன். அவரோ பூட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஓட்டி நிறுத்தச் சொல்லி, கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். நாலு தடவை. "நல்லா பண்ணியிருக்கான், நல்லா பண்ணியிருக்கான்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு சின்ன சாமானா?" என்றார். அப்புறம் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பழைய ஆறையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவதாக முடிவாயிற்று. நாலாம் நம்பர் கடைசி. சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்ததும் ஓட்டி நிறுத்தப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்து நின்றார். "நீ ஒரு வார்த்தை பாப்பாகிட்ட சொல்றியா? வர்றதுன்னா வரட்டும். வற்புறுத்தாதே. நான் சொன்னேன்னும் சொல்லாதே." ஒரே வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு ஊரைச் சுற்றிச் செய்தி அனுப்புகிறார்! திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் "சொல்றேண்ணே" என்றேன்.

வந்தாள். இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வாசல் வழியாக வந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. வீட்டு ஆட்கள் தவிர யார் முன்னாலும் அது அங்கேதான் இருக்கும், நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கார்டிங் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணன் அவளைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பெல்ட்டை ஏற்றினார்.

நாலாம் நம்பர் ஓடியது. படலம் வந்தது. என் தொழில் புத்தி என்னை விடவில்லை, முடிச்சு தேடினேன். அதிகமில்லை. பிறகு பெல்ட்டைத் தள்ளினார். சீப்புப் பட்டைகள் நின்றன, படலம் அறுந்து தொங்கியது. உருளை மட்டும் ஓடிற்று. அத்தனை பேர் நின்ற அந்த இடத்தில் நாக்கு ஒன்றுதான் பேசியது. டொக், டொக், டொக். தங்கச்சி ஓரடி முன்னால் வைத்தாள். அண்ணனின் கை தானாக நீண்டு அவள் மார்புக்குக் குறுக்கே நின்றது, தெருவில் குழந்தையை மறிப்பது போல. "இரு பாப்பா."

நாங்கள் நின்றோம். டொக். வெகுநேரம் கழித்து இன்னொரு டொக். அதற்குப் பிறகு இல்லை. மற்றக் கையால் கதவைத் திறந்து ஒரு கிள்ளு பஞ்சை உருளைமேல் வைத்தார். பஞ்சு அங்கேயே உட்கார்ந்திருந்தது. நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை.

"அண்ணே" என்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "பேரிங் மாத்தின அன்னைக்கு, 'இனிமே சத்தம் வராது பாப்பா, பார்த்துத் திற'ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணன் உருளைமேல் இருந்த பஞ்சையே பார்த்தார். "தோணலைம்மா."

"தோணியிருக்கணும்."

"ஆமா" என்றார். "தோணியிருக்கணும்."

என் பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டுவிட்டாள், நாலு வார்த்தைதான், கேட்டேவிட்டாள். அண்ணன் அழுதார், சத்தமில்லாமல், கையை எடுக்காமல். உருளை நின்று ஐந்து நிமிடம் இருக்கும், அவர் கை மட்டும் இன்னும் அவளை மறித்துக்கொண்டு நின்றது.

"நின்னுடுச்சு அண்ணே" என்றாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, விரல்கள் இல்லாத அந்த மணிக்கட்டை அவர் கைமேல் வைத்து, மெதுவாக அழுத்திக் கீழே இறக்கினாள்.