ஜோசுவா பாதியில் விட்ட பாட்டு

இது ஸ்காபரோவில் நடந்தது. ஜஸ்ரினைக் கேட்டால் இன்றைக்கும் நிமிடம் பிசகாமல் சொல்வான். ஆனால் யாரும் கேட்பதை அவன் விரும்புவதில்லை.

செத்துப்போனவன் அவனுடைய நண்பன் ஜோசுவா. பதினாறு வயதில் பாடத் தொடங்கியவன். ஸ்ரூடியோவுக்கு வசதி இல்லை. பதினோராவது மாடி அப்பார்ட்மென்டில், தன் அறை உடுப்பு அலுமாரிக்குள் மைக்கைக் கட்டி, குளிர் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே நின்று பாடுவான். உடுப்புகள் எதிரொலியை விழுங்கிவிடும். எமோ ராப் என்பார்கள். பாதி ராப், பாதி அழுகை. தூக்கம் வராத இரவு, விட்டுப்போன காதலி, எழும்பப் பிடிக்காத காலை... எல்லாம் ஆங்கிலத்தில். இசை செய்துகொடுத்தவன் ஜஸ்ரின். நான்கு வருடத்தில் மொன்றியலிலும் லண்டனிலும் பெடியள் ஜோசுவாவை ஹெட்போனில் கேட்டார்கள். அவன் கழுத்தில் பச்சை குத்திக்கொண்டு வந்தபோது, அம்மா எமில்டா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பாட்டுகளை ஒளித்துக் கேட்டார்.

பிறகு மாத்திரைகள் வந்தன. மேடை ஏற ஒன்று, தூங்க ஒன்று. ஜஸ்ரின் கெஞ்சினான், சண்டை பிடித்தான், கடைசியில் பேச்சையே விட்டான். ஆறு வாரம் கழித்து, அக்டோபரில், ஜோசுவாவிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘ஒரு பாட்டு பாதியில நிக்குது மச்சான். வந்து முடிச்சுத் தா.’ ஜஸ்ரின் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், வெள்ளி இரவு 11:40க்கு, பக்கத்து நகரமான பிக்கரிங்கில் யாரோ ஒருவருடைய காருக்குள் ஜோசுவாவின் மூச்சு நின்றது. மாத்திரையில் வேறு ஏதோ கலந்திருந்ததாம். வயது இருபத்தொன்று.

ஜனவரியில் எமில்டா ஜஸ்ரினுக்குப் போன் எடுத்தார். மகனின் பிறந்தநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதாகவும், அந்தப் பாட்டை முடித்துத் தந்தால் பிறகு வீட்டில் போடலாம் என்றும் சொன்னார். ஜஸ்ரினால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் 4:05. ஜோசுவாவின் அறை ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எமில்டா மகனின் லாப்டொப்பைத் திறந்து கொடுத்து, தேத்தண்ணி வைத்துவிட்டு, உடுப்புத் தோய்க்கக் கீழே லோண்ட்ரிக்குப் போனார். வெளிக்கதவு பூட்டுகிற சத்தத்தை ஜஸ்ரின் நன்றாகக் கேட்டான்.

ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போட்டான். ஜோசுவாவின் குரல் 1:52 வரை வந்தது. பிறகு ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

4:21. இரண்டாவது தரம் கேட்டான். 1:52. ஒரு மூச்சு... இன்னொரு மூச்சு. முதலில் கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்தான்.

4:26. மூன்றாவது தரம். மூச்சுக்குப் பிறகு ‘கிளிங்... கிளிங்...’ உடுப்பு மாட்டும் ஹாங்கர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பாடும்போது ஜோசுவா ஆடுவான். அதுதான்.

பாட்டை நிறுத்தினான்.

கிளிங்... கிளிங்...

ஹெட்போனைக் கழற்றினான். சத்தம் நிற்கவில்லை.

அலுமாரிக் கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக. பாடத் தொடங்க முன்னர் விடுகிற மூச்சு.

ஜஸ்ரினுக்குப் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

“ஜோசு... வராமல் விட்டிட்டன்டா. என்னை மன்னிச்சிடு.”

ஹாங்கர் சத்தம் சட்டென்று நின்றது.

4:33.

டொக்... டொக்... டொக்.

அறைக்கதவு. வெளியே எமில்டாவின் குரல்.

“ஜோசுவா... இன்னும் படுக்கேல்லையா?”

ஜஸ்ரின் கதவுப் பக்கம் திரும்பினான்.

அலுமாரிக்குள்ளிருந்து பதில் போனது. தமிழில்.

“நான் படுத்திட்டன் அம்மா. நீங்கள் போய்ப் படுங்கோ.”

செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

ஜஸ்ரின் பாய்ந்து கதவைத் திறந்தான்.

யாருமில்லை.

வெளிக்கதவு பூட்டியபடியே இருந்தது.

4:50க்குத்தான் எமில்டா உடுப்புக்கூடையோடு வந்தார். மெஷின் ஒன்று பழுதாம், அதுதான் சுணங்கிவிட்டதாம். ஜஸ்ரின் ஃபைலை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் பாட்டை முடித்தான். அங்கே எத்தனை தரம் கேட்டும் ஒரே ஒரு மூச்சுத்தான் இருந்தது.

பூசை முடிந்த அன்று, சனம் கலைந்த பிறகு, எமில்டா அவனைக் குசினிக்குள் கூப்பிட்டார். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும் என்றார்.

“பொலிஸ் பதினொண்டு நாப்பது எண்டு சொல்லுது. நான் அண்டைக்கு இரவு மூண்டு பத்துக்கு அவன்ர கதவைத் தட்டினனான் தம்பி. படுத்திட்டன், நீங்கள் போய்ப் படுங்கோ எண்டு உள்ளுக்கிருந்து மறுமொழி சொன்னவன். விடியத்தான் பொலிஸ் வந்தது.”

ஜஸ்ரின் குசினிக் கதவைச் சாத்தினான்.

“நீயும் உள்ளுக்குத்தானே இருந்தனீ? நான் தட்ட முன்னம் நீ அழுகிற சத்தம் கேட்டது. அவனிட்ட மன்னிப்புக் கேட்டாய். ரெண்டு பேரும் ராசியாகிட்டினம் எண்டு நிம்மதியாப் போய்ப் படுத்தன்.”

“ஓம் அன்ரி,” என்றான் ஜஸ்ரின்.

அந்த வெள்ளி இரவு அவன் பார்க்டேலில், ஒரு உணவகத்தின் சமையலறையில், விடிய நான்கு மணிவரை வேலையில் நின்றான்.