வெறுங்குடத்தோடு ஒரு நடை

இந்த ஊரில் ஒரு பெண் வெறுங்கையை வீசிக்கொண்டு தெருவில் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இடுப்பில் குடத்தோடு போனால்தான் நிறுத்திக் கேட்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்த எனக்கு எல்லாமே தலைகீழாக இருக்கிறது. நம் பக்கத்தில் வெறுங்கையோடு நாலு வீடு தாண்டினால் போதும், "எங்க தாயி போற?" என்று தெருவே கேட்கும். குடம் இருந்தால் கேள்வியே இல்லை. சகுனம் பார்க்கிறவர்கள்கூட வெறுங்குடத்தைத்தான் வைவார்களே தவிர, அதைச் சுமக்கிறவள் எங்கே போகிறாள் என்று கேட்கமாட்டார்கள்.

என் கணவர் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறார். நாங்கள் குடியிருப்பது கரமனையில். போன தை மாதம் உள்ளங்கால் எரிச்சல் தாங்காமல் டாக்டரிடம் போனேன். சிறுநீரைச் சோதித்துவிட்டு நீரிழிவு என்றார். "மருந்து பாதிதான் கேட்டோ. மதுரம் விடணும், தினமும் நடக்கணும். சும்மா இருந்தா காலு போகும்" என்றார். எனக்குக் காலைப் பற்றிய பயத்தைவிட மகள் கோமதியைப் பற்றிய பயம்தான் முதலில் வந்தது. அவளுக்குத் திருநெல்வேலியில் வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று சொல்லி என் நாத்தனார் மகளின் நிச்சயத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். இவரும் வீட்டுக்கு வந்ததும், "யார்ட்டயும் மூச்சு விட்றாத. கோமதி கழுத்துல தாலி ஏறட்டும்" என்றார்.

நடக்க வேண்டும், ஆனால் ஏன் நடக்கிறேன் என்று தெரியக்கூடாது. நம் ஊர்ப் புத்தி எனக்குக் கைகொடுத்தது. பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலைதோறும் கரமனை ஆற்றுக்குப் போய்வர ஆரம்பித்தேன். கொல்லைப் பள்ளத்தில் எங்கள் கிணறு நிறைந்துதான் கிடந்தது. யாராவது கேட்டால் ஆற்றுத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊர் இது. இங்கே ஒருத்தி குடத்தோடு ஆற்றுக்குப் போனால் அவள் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்றுதான் பொருள். இது எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த வீட்டுப் பார்கவியம்மா என்னைவிட மூத்தவர், பிள்ளையில்லாதவர், எனக்காகத் தமிழைக் கலந்து பேசுகிறவர். கால் எரிச்சல் குறைந்துவந்த சமயம் ஒரு நாள் வேலிப்படியில் என்னை மறித்தார். "கிணறு வற்றிப்போச்சோ? ஐயோ பாவம். ஆற்றுக்கு எதுக்குப் போற? இவிடெ கோரித் தரேன்" என்று குடத்தைப் பிடுங்கி, தானே இறைத்து நிரப்பிக் கொடுத்தார். பருப்புக் கதை இனி எடுபடாது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்றோடு என் நடை வேலிப்படியோடு நின்றது. தினமும் மாலையில் அவர் குடத்துக்காகக் காத்திருப்பார். கிணறு வற்றிய வீட்டில் கஷ்டமும் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிய சக்க வரட்டியை வாழையிலையில் பொதிந்து கொடுப்பார். அதையும் வாங்கிவந்து தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ருசியாகத்தான் இருந்தது. அவர் கொடுத்த தண்ணீரைக் கொல்லை வாழைக்கு ஊற்றினேன். கால் எரிச்சல் திரும்பி வந்தது. கோடை முற்ற முற்ற அவர் இறைக்கும் கயிறு நீண்டுகொண்டே போனது, தண்ணீர் கலங்கலாக வந்தது. அப்போதும் என் குடத்தைத்தான் முதலில் நிரப்பினார்.

ஒரு நாள் நான் வாழைத்தூரில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கமாக அவர் இலைப்பொதியோடு வந்து நின்றார். என் கிணற்றை எட்டிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் தெரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"எனக்கு நீரிழிவும்மா" என்றேன். "டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு. வெளிய தெரிஞ்சா கோமதிக்கு மாப்பிள்ளை அமையாது. அதுக்குத்தான் குடம்."

அவர் கோபப்படவில்லை. "நடக்க எதுக்குக் குடம்?" என்று மட்டும் கேட்டார். கொண்டுவந்த பொதியைத் தராமல் திரும்பக் கொண்டுபோனார்.

மறுநாள் மாலை குடையோடு வாசலில் நின்றார். "வா, நடக்காம்." வழியில் இன்னும் சில வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். "உட்கார்ந்து உட்கார்ந்து நாமெல்லாம் தடிச்சுப்போயாச்சு, வாங்கோ" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் வந்தார்கள். வந்தவர்களில் திருநெல்வேலிக்காரி செண்பகமும் ஒருத்தி. அவளிடம் ஒன்று சொன்னால் மறுவாரம் அது திருநெல்வேலியில் இருக்கும். "என்ன திடீர்னு இந்த நடை?" என்று அவள் என்னைக் கேட்டாள். பார்கவியம்மா முந்திக்கொண்டார். "எனக்குப் பிரமேகம். உங்க நீரிழிவுதான். தனிச்சு நடக்க வய்யா, அதான் இவளைக் கூட்டிட்டு வரேன்."

செண்பகம் என்னைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கோ இந்த அம்மாவ" என்றாள். "பாத்துக்கிடுதேன்" என்றேன்.

நடை முடிந்ததும் செண்பகம் தன் வீட்டில் காப்பி தருவாள். பார்கவியம்மாவுக்குச் சர்க்கரை போடாதது, எனக்கு இரட்டைச் சர்க்கரை. அவள் அடுக்களைப் பக்கம் திரும்பியதும் பார்கவியம்மா டம்ளர்களை மாற்றி வைப்பார். என் நோய்க்கு இந்த ஊரில் அவர் பெயர்.

வரன் கூடிவிட்டது. அடுத்த மாதம் நிச்சயத்துக்கு ஊருக்குப் போகிறோம். அங்கே நடப்பதற்காகக் குடத்தைத் துலக்கி வைத்திருக்கிறேன். ஆனால் சம்பந்தி வீட்டில் அல்வாவும் காப்பியும் கொண்டுவந்து வைப்பார்கள். சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேரில் என் டம்ளரை மாற்றி வைக்க ஒருவரும் இல்லை.