பாய்லர் சூடாகும் நேரம்

வணிகர் சங்கம் அவனுக்குக் கொடுத்திருந்தது நல்ல வேலைதான். நல்ல பெயர்தான் கிடைக்காது. சிறு முதலாளிகள் குறைந்தபட்சக் கூலி விதிப்படி சம்பளம் கொடுக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் வழி சொல்லித் தந்து, சரியானதும் அரசு ஆய்வாளரிடம் காட்டும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். தெருமுனையில் அவன் தலை தெரிந்ததுமே, "சட்டம் வருது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெற்றவள் வைத்த பெயர் போய் அதுவே பெயராகிவிட்டது.

அவனுக்கு டீ போட்டு வைத்துக் காத்திருக்கும் ஒரே முதலாளி அவன் அக்கா. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அவளுடையது. அம்மா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு, ஊரார் அழுக்கைத் துவைத்து அவனைப் படிக்க வைத்தவள். அவள் கடையில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று அவனும் தள்ளிப்போட்டே வந்தான்.

அரசு ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஒரு காலையில் போனான். தேய்க்கும் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாய்லர் சூடாகிக்கொண்டிருந்தது. ஆவி வந்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்து வருகை அட்டையை மிஷினில் செருகினார்கள்.

"அக்கா, இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா?"

"சும்மா உக்காந்திருக்கிறதுக்கா?"

"உக்கார வெச்சது நீதானே. அதுவும் வேலை நேரம்தான்."

அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் யாருடைய கூலியும் விதியைத் தொடவில்லை. பழைய பாக்கி வேறு மலையாக நின்றது. அக்கா ஏமாற்றுக்காரி இல்லை. ஆவி இல்லாமல் இஸ்திரி இல்லை, இஸ்திரி இல்லாமல் வேலை இல்லை. அவளுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

அவன் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். சலவைக் கூலியை ஏற்றச் சொல்லி ஓட்டல் மேலாளரிடம் கெஞ்சினான். அவர் வேறு சலவைக்காரர் இருப்பதாகச் சொன்னார். பாக்கியைத் தவணையாகக் கொடுக்க சங்கத்தில் வழி கேட்டான், உதட்டைப் பிதுக்கினார்கள். தேய்க்கிறவர்களில் மூத்தவள் அவனை வாசலில் மடக்கினாள்.

"அந்தக் காசு எங்களுக்கு வேணும் சார். வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கணும். ஆனா கடையே போயிட்டா என்ன பண்றது?"

எல்லாக் கடைக்கும் வழி சொன்னவன், திரும்ப உள்ளே போய்க் கணக்கு நோட்டைப் புரட்டினான்.

"ஒரு கையெழுத்துதானேடா," என்றாள் அக்கா. வளர்த்த கதையை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். அந்தப் பெண்களின் கூலியை எடுத்து அக்காவுக்குக் கடன் தீர்க்க அவனால் முடியவில்லை. கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடியபோது தன்னையே வெறுத்தான்.

அக்கா மிஷின்களை வந்த விலைக்கு விற்றாள். பாக்கியைக் கடைசிக் காசு வரை அந்தப் பெண்களின் கையில் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு திறக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெரிய சலவை ஆலைக்குச் சங்கம் அவனை அனுப்பியது. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து தொழிலாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தான். அடுத்து வந்து எதிரே உட்கார்ந்தவள் அக்கா. தலையில் ஆலையின் நீலத்துணி. கை வெந்து சிவந்திருந்தது.

அவளே பேசினாள்.

"கேளுங்க சார்."

"சம்பளம்... சரியா வருதா?"

"வருது சார். ஒரு குறையும் இல்ல. நான் முதலாளியா இருந்தப்ப ஒரு மாசம்கூட எனக்குன்னு இவ்ளோ எடுத்ததில்ல."

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் உண்மையிலேயே நிம்மதியாகத்தான் சொன்னாள். இத்தனை வருடம் எத்தனையோ பேருடைய கூலியைக் கணக்குப் பார்த்தவன், அவளுக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"அக்கா," என்றான்.

"வேற ஏதும் கேக்கணுமா சார்? அங்க விரிப்பு குவிஞ்சு கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.